பட்டியில் கன்று வீசினால் யாருக்குச் சொல்வது?

2024 டிசம்பர் 15

கன்று வீசுவது என்றால் சினை காலம் முந்திக் கலைந்து விழுவது. மட்டக்களப்பு மாவட்டத்துக் கிரான் பக்கத்துத் தம்பி ஒருவர் கேட்டதை அப்படியே போடுகிறேன்: "எங்கட பட்டியில் இந்த மாரிக்குள் மூன்று பசு கன்று வீசிவிட்டன. எல்லாம் ஆறு, ஏழு மாதச் சினை. யாருக்கும் சொல்லாதே என்கிறார் அப்பா. சொன்னால் பால் எடுக்கிறவர் எடுக்கமாட்டார், மாட்டின் விலையும் விழுந்துவிடும் என்கிறார். மிருக வைத்தியருக்குச் சொல்லத்தான் வேண்டுமா?"

சொல்லத்தான் வேண்டும் தம்பி. மனிதருக்கும் தொற்றும் புரூசெல்லா என்கிற கிருமியாக இருக்கலாம், காரணத்தைப் பிறகு எழுதுகிறேன். இன்றைக்குச் செய்யவேண்டியதை முதலில் செய். விழுந்த கன்றையும் இளங்கொடியையும் (நஞ்சுக்கொடி) வெறுங்கையால் தொடாதே. கையுறை இல்லையென்றால் தடித்த பொலித்தீன் பையை முழங்கை வரைக்கும் இழுத்துக் கட்டிக்கொள். நாய் தோண்டாத ஆழத்தில் புதைத்து மேலே சுண்ணாம்பு போடு. வீசிய பசுக்களை வேறாகக் கட்டு. கையில் வெட்டுக்காயம் இருப்பவரும் கர்ப்பிணிகளும் அந்தப் பக்கமே போகக்கூடாது. பொங்கக் காய்ச்சாத பாலை ஒருவரும் குடிக்கக்கூடாது, "பட்டியடியில் கறந்த சூட்டோடு குடித்தால்தான் சத்து" என்று சொல்லும் பெரியவர் உட்பட.

அன்றிரவே

இளங்கொடி பற்றி இரண்டு பேர் கேட்டுவிட்டார்கள். ஓலைப்பையில் அல்லது சாக்கில் கட்டி ஆலமரத்தில் தொங்கவிடுவது நம் வழக்கம். பால்மரத்தில் தொங்கினால் பசுவுக்குப் பால் பெருகும் என்பார்கள். நல்ல கன்று போட்ட பசுவின் கொடி என்றால் நான் குறுக்கே வரமாட்டேன். கன்று வீசிய பசுவின் கொடி வேறு சமாச்சாரம். அதில்தான் கிருமி கோடிக்கணக்கில் இருக்கும். மரத்தில் காகம் கொத்தும், சாக்கிலிருந்து நீர் கீழே சொட்டும், அதே நிழலில்தான் மத்தியானம் மாடுகள் வந்து படுக்கும். வெயில் படாத ஈரமான இடத்தில் இந்தக் கிருமி மாதக்கணக்கில் தாக்குப்பிடிக்கும்.

டிசம்பர் 16

இப்போது காரணம். சினை பிந்திய மாதங்களில் அடுத்தடுத்துப் பசுக்கள் கன்று வீசினால் முதலில் சந்தேகப்பட வேண்டியது புரூசெல்லா. கிழக்கு மாகாணத்துக்கு இது புதிய விருந்தாளி இல்லை. பசுவிலும் எருமையிலும் நெடுநாளாக இருக்கிறது. இதுதான் என்று நான் இங்கிருந்து அடித்துச் சொல்லவில்லை. எலிக்காய்ச்சல் கிருமியாலும் மாடு கன்று வீசும், வேறு காரணங்களும் உண்டு. இரத்தம் பார்க்காமல் தெரியாது.

இந்த நோயின் கள்ளத்தனம் என்னவென்றால், பெரும்பாலான பசுக்கள் ஒருமுறைதான் வீசும். அடுத்த ஈற்றில் நல்ல கன்று போடும். பட்டிக்காரர் "கண்ணூறு கழிந்துவிட்டது" என்று கோயிலுக்குப் பொங்கி விட்டு மறந்துவிடுவார். ஆனால் கிருமி மடியில் தங்கி, பாலோடு வந்துகொண்டே இருக்கும்.

மனிதருக்கு வந்தால் உயிரை எடுப்பது அரிது, ஆளை உருக்கிவிடும். என் சித்தப்பா மட்டக்களப்பு வாவிக்கு மேற்கே படுவான்கரையில் பட்டி வைத்திருந்தவர். பின்னேரமானால் காய்ச்சல், விடியப்புறம் சாரம் நனைய வியர்வை, காலையில் ஒன்றுமில்லை. இடுப்பு பிடித்துக்கொண்டு நிமிர முடியாது. மலேரியா பார்த்தார்கள், நெருப்புக்காய்ச்சல் பார்த்தார்கள், வாதம் என்று எண்ணெய் போட்டார்கள். எத்தனையோ வைத்தியர்கள் பார்த்தும் ஒருவர்கூட "உங்கள் மாடுகள் எப்படி?" என்று கேட்கவில்லை. கடைசியில் கேட்டவர் விடுப்பில் வந்து நின்ற இளம் வைத்தியர், அதுவும் கலியாண வீட்டில், சோற்றுக்கு உட்கார்ந்திருந்தபோது. மறுகா ஆறு வாரம் இரண்டு வகை மருந்து சேர்த்துக் குடித்துத்தான் சித்தப்பா எழும்பினார். இடையில் நிறுத்தினால் திரும்ப வரும்.

அந்தப் பட்டியில் அதற்கு முந்திய வருடம் கன்று வீசியதை ஊரில் எல்லோரும் அறிந்திருந்தோம். எனக்கும் தெரியும். நான் அப்போது கால்நடைப் போதனாசிரியர் வேலைக்குப் புதிதாகச் சேர்ந்தவன்.

டிசம்பர் 17

"அப்போ மட்டக்களப்புத் தயிரைச் சாப்பிடக் கூடாதா?" என்று கொழும்பிலிருந்து ஒருவர். ஐயா, பதறாதீர்கள். தயிருக்குப் பாலைக் காய்ச்சித்தான் உறைய ஊற்றுகிறார்கள். 72 பாகை செல்சியசில் 15 வினாடி, அல்லது 63 பாகையில் அரை மணித்தியாலம் போதும், இந்தக் கிருமி செத்துவிடும். பொங்கி வழியும் பாலில் அது எங்கே நிற்க? சட்டியைக் கவிழ்த்துப் பார்த்து வாங்குங்கள், தேன்பாணியும் விட்டுக்கொள்ளுங்கள். ஆபத்து எங்களுக்குத்தான், பச்சைப்பால் குடிக்கிற, கறக்கிற, கன்று இழுக்கிற, இறைச்சி வெட்டுகிற ஆட்களுக்கு.

டிசம்பர் 19

யாழ்ப்பாணத்துக் காய்ச்சலைப் பற்றிக் கேட்கிறார்கள். வெள்ளத்துக்குப் பிறகு ஆட்கள் இறந்தார்கள், முதலில் என்ன காய்ச்சல் என்றே தெரியவில்லை, இப்போது எலிக்காய்ச்சல் என்று ஆகிவிட்டது. சம்மாந்துறைக் காக்கா ஒருவர் (முஸ்லிம் அண்ணன்மாரை இங்கே அப்படித்தான் அழைப்போம்), "எலியை ஒழித்தால் முடிந்தது, மாட்டை ஏன் இழுக்கிறீர்கள்?" என்கிறார்.

காக்கா, பேரில்தான் எலி. மாடு, எருமை, நாய், பன்றி எல்லாவற்றின் சிறுநீரிலும் அந்தக் கிருமி வரும். வெள்ளம் வடிந்த வயல்வட்டையில் எருமை நின்ற சேற்றில்தான் நாம் வெறுங்காலோடு இறங்குகிறோம். 2008-இல் நாடு முழுவதும் 7,000-க்கு மேல் ஆட்களுக்குச் சந்தேகம் என்று பதிவானது. வேளாண்மைக் காலத்தில் எம்.ஓ.எச். (சுகாதார வைத்திய அதிகாரி) பணிமனையிலும் பி.எச்.ஐ.யிடமும் (பொதுச் சுகாதாரப் பரிசோதகர்) தடுப்பு மருந்தான டொக்சிசைக்கிளின் கிடைக்கும். கிழமைக்கு 200 மில்லிகிராம், இறங்கும் முன்பே தொடங்க வேண்டும். கர்ப்பிணிகளும் சிறுபிள்ளைகளும் தாங்களாக எடுக்கக்கூடாது, கேட்டுத்தான். காய்ச்சலோடு கண் சிவந்து, கெண்டைக்கால் நொந்து, சிறுநீர் குறைந்தால் பனடோலைப் போட்டுக்கொண்டு படுத்திருக்காமல் ஆஸ்பத்திரிக்குப் போங்கள். போய், "வயலில் இறங்கினேன்" என்று நீங்களாகவே சொல்லுங்கள்.

டிசம்பர் 28

தம்பியின் அப்பாவைப் பற்றித்தான் இந்தக் கிழமை முழுக்க யோசனை. அவரை அறிவில்லாதவர் என்று சிலர் எழுதியிருந்தீர்கள். எனக்கு அப்படித் தோன்றவில்லை. அவர் கணக்குப் பார்த்திருக்கிறார். சொன்னால் நட்டம் இன்றைக்கே வரும், அவருக்கு மட்டும் வரும். லாபம் ஊருக்குப் போகும், எப்போதோ போகும். சட்டம் சொல்லச் சொல்கிறது, 1992-ஆம் ஆண்டு 59-ஆம் இலக்க விலங்கு நோய்கள் சட்டம். அந்தச் சட்டத்தைக் காட்டி எந்தப் பட்டிக்காரரும் வாய் திறந்ததை நான் கண்டதில்லை.

இது நடக்கும் வழியைச் சொல்கிறேன். பட்டிக்காரர் கால்நடை வைத்திய அலுவலகத்துக்குச் சொல்வார். வைத்தியரோ போதனாசிரியரோ போவார். இந்த மாரியில் பட்டிகள் வீட்டடியில் இருக்காது. வயல் விதைத்தவுடன் மாடுகள் மேற்கே காட்டோர மேய்ச்சல் தரைக்குப் போய்விடும், அறுவடைக்குப் பிறகுதான் திரும்பும். மோட்டார் சைக்கிள் போகும் வரைக்கும் போய், மிச்சம் நடை. கழுத்து நரம்பில் இரத்தம் எடுத்து, உறைய வைத்து, மேலே தெளியும் சீரத்தைப் பிரித்து, ஐஸில் வைத்து அனுப்ப வேண்டும். மாவட்டத்துக் கால்நடை நோய்ப் புலனாய்வு நிலையம், அதற்கு மேல் பேராதனை கன்னொறுவையில் மிருக வைத்திய ஆராய்ச்சி நிறுவனம்.

முதற்சோதனையைப் பார்த்தவர்களுக்குத் தெரியும், எவ்வளவு எளிது என்று. வெள்ளை ஓட்டில் ஒரு துளி சீரம், பக்கத்தில் ரோஸ் பெங்கால் என்கிற இளஞ்சிவப்பு மருந்து ஒரு துளி. குச்சியால் கலந்து நான்கு நிமிடம் ஓட்டை ஆட்டினால், நோயில்லாத மாட்டின் துளி வழவழவென்று அப்படியே நிற்கும். நோயுள்ளதில் பொடிப்பொடியாகத் திரளும். ஆக, நாலு நிமிட வேலை. அந்த நாலு நிமிடத்துக்கு முன்னாலும் பின்னாலும்தான் எல்லாக் கோளாறும்.

நான் வேலையிலிருந்தபோது வாகரைப் பக்கத்துப் பட்டியொன்றில் எடுத்த மாதிரிகளுக்கு முடிவு வரவே இல்லை. எந்த அலுவலகம் என்று கேட்காதீர்கள், சொல்லமாட்டேன். பட்டிக்காரர் சந்தையில் காணும்போதெல்லாம் "என்ன சேர் ஆச்சு?" என்று கேட்பார், நான் வேறு தெருவால் போகத் தொடங்கினேன். அடுத்த வருடம் அவர் பட்டியில் என்ன நடந்தாலும் எனக்குச் சொல்லவில்லை. ஏன் சொல்ல வேண்டும்? எங்கள் பதிவேட்டில் அந்தப் பக்கம் "நோய் இல்லை" என்றாகிவிட்டது. பட்டிக்காரர் வாய் மூடியதற்கும் நோய் இல்லாததற்கும் பதிவேட்டில் ஒரே அடையாளம்தான்.

2009-இல் நம் நாட்டில் ஓர் ஆய்வு நடந்தது. மிருக வைத்தியர்களிடம் கைத்தொலைபேசியைக் கொடுத்து, கண்ட மாடு, கோழி நோய்களை அங்கிருந்தே அனுப்பச் சொன்னார்கள். ஒன்பது மாதம். வரும் செய்திகள் படிப்படியாகக் கூடி, சராசரியாக நாளுக்கு நாலு வரை வந்தன. 2010-இல் வெளியான கட்டுரையில் தொலைபேசி பயன்பட்டது என்றுதான் எழுதினார்கள், ஆனால் சம்பந்தப்பட்டவர்களைச் சம்மதிக்க வைக்க எடுக்கும் காலத்தைக் கணக்கில் எடுக்காமல் இறங்காதீர்கள் என்றும் எழுதினார்கள். அந்த இரண்டாவது பகுதியை யாரும் மேற்கோள் காட்டுவதில்லை. இன்றைக்கும் கருத்தரங்கு என்றால் புதுச் செயலி ஒன்றைத்தான் திறந்து வைக்கிறார்கள்.

எனக்குக் கேட்டால், சொன்னவருக்கு ஒரு கிழமைக்குள் பதில் போகட்டும். "ஒன்றுமில்லை" என்ற பதிலாக இருந்தாலும் போகட்டும். செயலி பிறகு பார்த்துக்கொள்ளலாம்.

2025 ஜனவரி 5

ஒரு வாசகி நல்லதொன்று கேட்டார்: யாரும் சொல்லாமலே கண்டுபிடிக்க முடியாதா? முடியும். பால் வளையச் சோதனை என்று பழையதொன்று இருக்கிறது. பால் சேகரிக்கும் இடத்தில் கலந்த பாலில் கொஞ்சம் எடுத்து, நீலம் தோய்ந்த மருந்து விட்டு வைத்தால், நோய்ப் பால் கலந்திருந்தால் மேலே ஏறும் ஆடையில் நீல வளையம் நிற்கும். யாருடைய பட்டி என்று தெரியாமலே "இந்தப் பக்கம் இருக்கிறது" என்று அறியலாம். நல்ல வழிதான். ஆனால் பால் விற்காத பட்டி இதில் விழாது. இங்கே பாதிப் பட்டிகளில் கன்றுக்கு விட்டு மிச்சம் கறந்தால் வீட்டுக்குத்தான் காணும்.

ஜனவரி 6

மேலே எழுதியதோடு சேர்த்துக்கொள்ளுங்கள். மனிதரில் இந்தக் கிருமியை 1887-இல் மால்டாத் தீவில் டேவிட் புரூஸ் கண்டார். எங்கிருந்து வருகிறது என்று கண்டுபிடிக்க 1905 வரை சென்றது. தெமிஸ்டோக்ளிஸ் சாமிற் என்கிற அந்த ஊர் வைத்தியர்தான் ஆட்டின் இரத்தத்தில் பார்த்தார். ஆடுகள் கொழுகொழுவென்று நின்றதால் அதுவரை யாரும் சந்தேகப்படவில்லை. அங்கிருந்த பிரித்தானியப் படைவீரர்களுக்கு ஆட்டுப்பாலை நிறுத்தியதும் அவர்களிடையே காய்ச்சல் விழுந்துவிட்டது.

ஜனவரி 12

ஆடும் படையும் என்றவுடன் பழைய ஆட்களுக்கு வேறொன்று நினைவு வந்திருக்கும். 1987-இல் இந்திய அமைதிப்படைக்கு இறைச்சிக்கென்று கொண்டுவந்த ஆடுகளோடு வெக்கை நோய் இறங்கியது. பல பத்தாண்டுகளாக நாட்டில் இல்லாத நோய். மாடும் எருமையும் வாயிலிருந்து நீர் வடிந்து, கழிந்து கழிந்து செத்தன. மனிதருக்கு வராது, ஆனாலும் இந்த இழையில் அதற்கு இடமுண்டு. வெடிச்சத்தத்துக்குள் எந்த வைத்தியர் எந்தப் பட்டிக்குப் போவார்? ஊசி போடும் ஆளுக்குச் சோதனைச்சாவடி தாண்ட வழியில்லை. நோய் நாட்டை விட்டுப் போக 1994 ஆனது. 2011-இல் உலகத்திலேயே அது ஒழிந்துவிட்டதாக அறிவித்தார்கள். பெரியம்மைக்குப் பிறகு மனிதன் அடியோடு ஒழித்த இரண்டாவது நோய் அது. அதைப் பற்றி நம்மில் ஒருவரும் பேசுவதில்லை.

அன்று பின்னேரம்

படையைக் குறை சொல்வதற்காக எழுதவில்லை, சண்டைக்கு வராதீர்கள். மாடும் ஆடும் ஆளோடு நகரும், நோய் அவற்றோடு நகரும். இன்றைக்கு மட்டக்களப்பின் மயிலத்தமடு, மாதவனை மேய்ச்சல் காணிப் பிரச்சினையில் தரை சுருங்க, ஒன்றோடொன்று சேராத பட்டிகள் ஒரே குளத்தில் இறங்குகின்றன. 2023-இல் சித்தாண்டியில் பண்ணையாளர்கள் பந்தல் போட்டு உட்கார்ந்தபோது அது காணிப் பிரச்சினை என்றுதான் எல்லோரும் எழுதினோம். அது நோய்ப் பிரச்சினையும்தான். அதிகாரியைக் கண்டாலே ஒதுங்கும் நிலையில் இருக்கிற பட்டிக்காரரிடம் போய் "கன்று வீசியதா?" என்று கேட்டால் என்ன பதில் வரும் என்று நினைக்கிறீர்கள்?

ஜனவரி 15

இன்று மாட்டுப்பொங்கல். கொம்புக்கு வர்ணம் பூசப் போகிறேன், பிறகு எழுதுகிறேன். பொங்கிய பால் பாதுகாப்பானது என்பதையும் சொல்லி வைக்கிறேன்.

ஜனவரி 26

"மாட்டு நோய்க்கெல்லாம் ஆராய்ச்சி, மனிதருக்கு வந்த பிறகு பார்த்தால் போதாதா?" என்ற கேள்விக்கு இரண்டு கதை.

மலேசியாவில் 1998 கடைசியில் பன்றிப் பண்ணை ஆட்களுக்கு மூளைக்காய்ச்சல் வந்தது. நுளம்பால் வரும் யப்பானிய மூளைக்காய்ச்சல் என்று முடிவுகட்டி, நுளம்புக்குப் புகை அடித்தார்கள், தடுப்பூசி போட்டார்கள். நிற்கவில்லை. நோயாளிகள் பெரும்பாலும் பன்றியோடு பழகிய வளர்ந்த ஆண்கள். நுளம்பு ஆளைப் பார்த்தா கடிக்கும்? அதற்கு முன்பே பன்றிகள் இருமத் தொடங்கியிருந்தன, ஒரு மைல் தூரத்துக்குக் கேட்கும் இருமல் என்று பெயரே வைத்திருந்தார்கள். 1999 மார்ச்சில் சுவா கோ பிங் என்கிற ஆய்வாளர்தான் அது புதிய வைரசு என்று கண்டார். நிபா. 265 பேருக்கு வந்து 105 பேர் இறந்தார்கள். பத்து லட்சம் பன்றிகளுக்கு மேல் கொன்றார்கள். இருமலைக் கேட்டபோதே யாராவது ஒரு பன்றியை அறுத்துப் பார்த்திருந்தால் என்று நினைக்காமல் இருக்க முடியவில்லை.

மற்றது நம் நாட்டில். எண்பதுகளில் அநுராதபுரப் பக்கத்தில் உண்மையான யப்பானிய மூளைக்காய்ச்சல் வந்தபோது மலிக் பீரிசும் கூட இருந்தவர்களும் பன்றிகளின் இரத்தத்தையும் வயல் நுளம்புகளையும் மனிதரையும் சேர்த்துப் பார்த்தார்கள். நீர்ப்பாசன வயல், அதற்குப் பக்கத்தில் வீடுகளில் வளர்த்த பன்றி, நடுவில் நுளம்பு. 1988-இல் தடுப்பூசி தொடங்கியது. அதே மலிக் பீரிஸ்தான் 2003-இல் ஹொங்கொங்கில் சார்ஸ் வைரசைக் கண்டவர்களில் முன்னே நின்றவர். பேராதனையில் படித்த ஆள். இதைப் பெருமைக்குச் சொல்கிறேன், ஒளிக்கவில்லை.

பிப்ரவரி 2

சிரிக்க ஒன்று. ஆளைக் கடித்த நாய் செத்துப்போனால் விசரா (வெறிநோயா) என்று பார்க்கத் தலையை வெட்டி ஐஸில் வைத்து கொழும்பு பொரளை மருத்துவ ஆராய்ச்சி நிறுவனத்துக்கு அனுப்ப வேண்டும், மூளையில்தான் பார்ப்பார்கள். ஒருமுறை நானே கொண்டுபோனேன். தலை மூன்று பொலித்தீனுக்குள், அது ரெஜிபோம் பெட்டிக்குள், சுற்றிவர ஐஸ், மேலே ஒட்டுப்பசை நாடா. இரவு பஸ். மட்டக்களப்பிலிருந்து ரெஜிபோம் பெட்டியோடு ஏறுகிறவன் இறால் கொண்டு போகிறான் என்றுதான் உலகம் நினைக்கும். பொலன்னறுவை தாண்டியதும் பக்கத்திலிருந்தவர், "தம்பி, கிலோ என்ன விலை?" என்றார். விற்பனைக்கில்லை என்றேன். "கலியாண வீட்டுக்கா?" என்றார். ஓம் என்று சொல்லிவிட்டு விடியும் வரைக்கும் பெட்டியைக் காலுக்கிடையில் வைத்துக்கொண்டு நித்திரை கொள்ளவில்லை.

முடிவு மட்டும் சொல்கிறேன்: விசர்தான். கடிபட்ட பிள்ளைக்கு ஊசி ஏற்கெனவே தொடங்கியிருந்தது. முடிவு வரட்டும் என்று ஊசியைப் பிந்தவிடக்கூடாது. கடித்தவுடன் சவர்க்காரம் போட்டுப் பதினைந்து நிமிடம் ஓடும் தண்ணீரில் கழுவிவிட்டு ஆஸ்பத்திரிக்கு ஓடுங்கள்.

பிப்ரவரி 20

கிரான் தம்பி திரும்ப எழுதியிருக்கிறார். அப்பா சம்மதித்து, வைத்தியர் வந்து இரத்தம் எடுத்து, முடிவும் வந்துவிட்டது. வீசிய மூன்றில் இரண்டு பசுவுக்குப் புரூசெல்லா, வீசாத ஒன்றுக்கும். அப்பாவுக்கும் இரத்தம் பார்த்தார்கள், இல்லை என்று வந்தது. பால் எடுக்கிறவர் இரண்டு கிழமை நிறுத்திவிட்டு, காய்ச்சித்தானே விற்கிறேன் என்று திரும்ப எடுக்கிறாராம்.

இப்போது அவர் கேள்வி: அந்த மூன்று பசுவையும் என்ன செய்வது? பக்கத்து ஊரில் ஒருவர் பாதி விலைக்குக் கேட்கிறார்.

கொடுக்காதே. மாட்டுக்கு இதற்கு மருந்து கொடுத்துக் குணமாக்குவதில்லை. பாதி விலைக்கு வாங்குகிறவர் பட்டியில் சேர்த்தால் அடுத்த மாரியில் அவருக்கும் இதே கதை. தனியாகக் கட்டி வைத்து, வைத்தியர் சொல்கிறபடி முறையாகக் கழிக்க வேண்டும். அந்த நட்டத்தை முழுதாகத் தம்பி வீடு தலையில் சுமப்பது நியாயமா என்று கேட்டால், இல்லை. வைத்தியர் அலுவலகத்திலும் பண்ணையாளர் சங்கத்திலும் எழுத்தில் கேள். கிடைக்கும் என்று நான் வாக்குத் தரமாட்டேன். கேட்டது பதிவில் இருக்கட்டும்.

பிப்ரவரி 23

"எல்லா மாட்டுக்கும் ஊசி போட்டுவிடலாமே" என்றவருக்கு: புரூசெல்லாவுக்கான எஸ்-19 தடுப்பூசி கிடாரிக் கன்றுகளுக்குத்தான், நாலு முதல் எட்டு மாத வயதுக்குள். நாம்பனுக்கு (காளைக்கன்று) போடக்கூடாது. சினைப்பசுவுக்குப் போட்டால் அதுவே கன்று வீச வைக்கலாம். வளர்ந்த மாட்டுக்குப் போட்டால் பிறகு இரத்தம் பார்க்கும்போது நோயா ஊசியா என்று பிரிக்க முடியாமல் போகும். உயிருள்ள கிருமி அது, ஊசி தவறி விரலில் ஏறினால் போடுகிறவருக்கே நோய் வரும். ஆகவே கடையில் வாங்கித் தானே போடலாமா என்று கேட்காதீர்கள். கன்றின் வயதை எழுதி வைத்து, அறுவடை முடிந்து பட்டி வயலுக்கு இறங்கியவுடன் போதனாசிரியரைக் கூப்பிடுங்கள். அந்த ஒன்றிரண்டு மாதம்தான் எல்லா மாடும் கைக்கெட்டும் தூரத்தில் நிற்கும்.